பையனுக்குன்னு வாங்கின கையெழுத்து

அச்சகத்தில் அவரைக் கட்டிங்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சடித்து வரும் தாள்களைத் தட்டி, அடுக்கி, ஓரம் நேராக்கி, கட்டிங் மெஷினின் கத்திக்குக் கீழே தள்ளி வெட்டித் தருவது அவர் வேலை. அந்த மெஷினில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டையும் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். ஒரு கை சும்மா இருந்தால் அது போகக்கூடாத இடத்துக்குப் போகும் என்று மெஷினைச் செய்தவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. மனுஷன் வாய்க்கும் அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் நமக்குச் சொல்ல இந்தக் கதை இருந்திருக்காது.

வாய் என்றதும் அவர் பெரிய வாயாடி என்று நினைத்துவிட வேண்டாம். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும். நாற்பத்தெட்டு வயசு. அதிர்ந்து பேச மாட்டார், யார் வம்புக்கும் போக மாட்டார், டீ குடிக்கப் போனால் தன் டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு வருவார். ஒரே ஒரு பைத்தியம்தான் அவருக்கு. கார்டு.

சின்னப் பிள்ளைகள் விளையாடுமே, ஒரு பக்கம் பூதமும் பிசாசும் ஆறு தலை மிருகமும் வரைந்து, கீழே அதற்கு எவ்வளவு பலம் என்று போட்டிருக்கும் கார்டு, அதுதான். அந்தக் கார்டுகள் ஒரு தடவை இவர் அச்சகத்துக்குப் பெரிய பெரிய தாளாக வெட்டுவதற்கு வந்தன. வெட்டிக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நின்றுவிட்டார். மலை மாதிரி ஒரு மிருகம், தன் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு வாசலுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே போக வழி தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தது. கொம்பு, பல், நகம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கண்ணில் மட்டும் ஒரு அசட்டுக்களை. கீழே கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிற எழுத்தில் வரைந்தவர் பெயர். மை தடுமாறிய தாளிலிருந்து கழிவுக்குப் போக வேண்டிய அந்தக் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம்.

அடுத்த வாரமே கார்டு விற்கிற கடையைத் தேடிக்கொண்டு போனார். சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில், ஒரு நீள அறை. பூராவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நடுவில் இவர், கையில் சாப்பாட்டுப் பையோடு. கல்லாவில் இருந்த கடைக்காரர், வழுக்கைத் தலை, வெள்ளந்தியான ஆள், கேட்டார்: "என்ன சார், பையனுக்கா?"

கட்டிங்காரருக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வயசுக்கு மேல் பூதம் பொம்மை வாங்க வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "ஆமா" என்றார். இரண்டே எழுத்து.

வீட்டில் பையனும் இல்லை, பெண்ணும் இல்லை. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து ஒன்று தங்கியது. ஏழு மாதம் வயிற்றில் இருந்துவிட்டு ஆஸ்பத்திரியில் உயிரில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் மனைவி அந்தப் பேச்சை எடுத்தாள். "விடு, அந்தப் பேச்சு வேண்டாம்" என்றார். இன்னொரு நாள் எடுத்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. வீட்டில் எல்லாப் பேச்சும் நடந்தது, அது மட்டும் நடக்கவில்லை.

மனைவிக்கு ஒரு ரெடிமேட் துணிக்கடையில் வேலை. வாங்கின துணியை அளவுக்கு ஏற்றபடி பிடித்துக் கொடுப்பது, கால் நீளம் குறைப்பது. பையன்கள் பேன்ட்டைக் குறைக்கும்போது துணியை வெட்ட மாட்டாள், உள்ளே மடித்துத் தைத்து விடுவாள். "ஆறு மாசத்துல நீளம் கேக்கும், அப்போ பிரிச்சு விட்டுக்கலாம்" என்பாள். கார்டு விஷயம் அவளுக்குத் தெரியும். பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க அவருடைய ஆல்பங்கள்தானே. "ஊர்ல இருக்குற பேயெல்லாம் நம்ம பீரோவுலதான் குடியிருக்கணுமா?" என்று எப்போதாவது கேட்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாதது அந்த 'ஆமா' மட்டும்தான்.

அது சும்மாவா இருக்கும்? ஒரு பையன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டால் அவனுக்கு வயசு வேண்டும். எந்த வகுப்பு என்று கேட்பார்கள். ஏன் கடைக்கு வருவதே இல்லை என்று கேட்பார்கள். "கூச்சம் சார் அவனுக்கு. கூட்டம்னா பிடிக்காது" என்றார். பிறகு இடது கைப் பழக்கம் வந்தது. கணக்கில் புலி என்று வந்தது. அச்சகத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு நாள், கண்ணாடி மாற்றப் போன இடத்தில் ஒரு நாள், யாரும் கேட்காமலேயே "எங்க பையன்கூட இப்படித்தான்" என்று ஆரம்பித்தார். சொல்லும்போது நன்றாக இருந்தது. நாவில் இனித்தது என்றுகூடச் சொல்லலாம். கடையை விட்டு இறங்கிப் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, 'இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்' என்று நினைப்பார். அடுத்த தடவை போனால் கடைக்காரர், "பையன் பரீட்சை எப்படி எழுதினான்?" என்பார். இவர், "தொண்ணூத்தாறு" என்பார். வெட்கங்கெட்ட மனுஷன்!

கார்டு சேர்ப்பவர்களுக்கு வெறும் கார்டு போதாது. அதை வரைந்தவரின் கையெழுத்து அதன் மேல் விழ வேண்டும். அதற்கென்று ஒரு சம்பிரதாயமே உண்டு. கறுத்த படத்துக்கு வெள்ளி மார்க்கர், வெளுத்த படத்துக்குக் கறுப்பு. வழவழப்பான கார்டென்றால், கையெழுத்து விழ வேண்டிய மூலையை முதலில் ரப்பரால் மெல்லத் தேய்த்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மை ஒட்டாது. போட்டு வாங்கியதும் உறைக்குள் திணிக்கக் கூடாது, காய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: 'இன்னாருக்கு அன்புடன்' என்று பெயர் போட விடவே கூடாது. பெயர் விழுந்த கார்டு அந்த ஒருத்தருக்குத்தான், அப்புறம் வேறு யாரும் சீந்த மாட்டார்கள். அதனால் வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் ஓவியரிடம் மந்திரம் மாதிரி சொல்வார்கள்: "பேர் வேண்டாம் சார், கையெழுத்து மட்டும்."

முந்தின வருஷம், அந்த வாசல் மிருகத்தை வரைந்த ஓவியரே இந்த மாடிக் கடைக்கு வந்திருந்தார். வயசானவர், கனமான கண்ணாடி, விரலெல்லாம் சாயம். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. படம் ஒரு பக்கம் மட்டும் அச்சாகி, பின்பக்கம் வெள்ளையாக விட்ட கார்டுகள் ஒரு கட்டு வைத்திருப்பார். குழந்தைகள் வந்தால் அந்த வெள்ளைப் பக்கத்தில் அப்போதே ஒரு படம் வரைந்து கொடுப்பார். பெரியவர்களுக்குக் கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. கட்டிங்காரர் அந்தக் கட்டைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது.

"எங்க பையன் உங்க படம்னா உயிரை விடுவான் சார். ஒன்பது வயசு. கூட்டத்தைப் பார்த்தா பயம், அதான் கூட்டிட்டு வர முடியல."

ஓவியர் நிமிர்ந்து பார்த்தார். முகமே மலர்ந்துவிட்டது. "நானும் சின்ன வயசுல அப்படித்தான் சார். வீட்டுக்கு யாராவது வந்தா கட்டிலுக்கு அடியில போயிடுவேன்" என்றார். கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு வாலை மட்டும் வெளியே விட்டிருக்கிற ஒரு குட்டி மிருகத்தை வரைந்து, 'கூச்சப்படும் தம்பிக்கு' என்று எழுதினார். பெயர் கேட்டார். கட்டிங்காரர், "பேர் வேண்டாம் சார்" என்றார். பழக்க தோஷத்தில் சொன்னதா, சொல்ல ஒரு பெயர் இல்லாததால் சொன்னதா என்று அவருக்கே தெரியாது. அந்தக் கார்டு வீட்டுக்குப் போகவில்லை. அச்சகத்தில் தன் லாக்கரில், சீருடைக்கு அடியில் வைத்துப் பூட்டினார். திருட்டுச் சொத்து மாதிரி.

இந்த வருஷம் அதே ஓவியர் மறுபடி வருகிறார் என்று கடையில் சொன்னார்கள். கை நடுக்கம் வந்துவிட்டதாம், இதுதான் கடைசி. அதனால் தலைக்கு மூன்று கார்டுதான், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. கட்டிங்காரரிடம் அந்த ஓவியர் வரைந்ததில் கையெழுத்து வாங்காமல் ஆறு கார்டுகள் மிச்சம் இருந்தன. மூன்று வாங்கலாம், மூன்று அப்படியே நின்றுவிடும், என்றைக்கும். ஒரு வாரம் தூக்கம் கெட்டது. வேறு யாரையாவது அழைத்துப் போகலாம் என்றால், அவருக்கு யார் இருக்கிறார்கள்? கடைசியில் பேராசைதான் ஜெயித்தது. ஆயிரம் பேரைப் பார்க்கிற மனுஷன், போன வருஷம் வந்த என்னையா ஞாபகம் வைத்திருக்கப் போகிறார் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை என்கூட வர்றியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவர் அப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. "எங்க?" என்றுகூடக் கேட்காமல், "வர்றேங்க" என்றாள். சனிக்கிழமையே நல்ல உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டாள். எதற்காகக் கூப்பிட்டார் என்று மறுநாள் பஸ்ஸில்தான் சொன்னார். அவள் முகத்தில் சின்னதாக ஏதோ ஒன்று இறங்கியதை அவர் பார்த்தார், பார்க்காதது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கார்டை ஓரத்துலதான் பிடிக்கணும். மேல விரல் படக்கூடாது. பேர் வேண்டாம், கையெழுத்து மட்டும்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

"கையெழுத்து வாங்கப் போறோமா, வெடிகுண்டு எடுத்துட்டுப் போறோமா?" என்றாள் அவள். ஆனாலும் மூன்று கார்டையும் வாங்கி, சொன்னபடியே ஓரத்தில் பிடித்துக்கொண்டாள். துணி பிடித்துப் பழகிய கை, அவருடையதைவிடப் பதமாகத்தான் பிடித்தது.

"இன்னொண்ணு. வரிசையில நீ கொஞ்சம் தள்ளி நில்லு. ஒரே வீடுன்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் ஒரே ஆளா கணக்கு வெச்சிடப் போறாங்க." கூசாமல் சொன்ன பொய். அப்படி ஒரு விதியே கிடையாது. யாராவது பையன் பேச்சை எடுத்தால் அவள் காதில் விழக்கூடாது, அதற்குத்தான்.

வரிசை மாடிப்படியில் ஆரம்பித்து உள்ளே போனது. கட்டிங்காரர் முன்னால், நடுவில் நாலைந்து பேர், பின்னால் மனைவி. எல்லாம் திட்டப்படி நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் முன்னால் நின்ற தொப்பிக்காரர் திரும்பினார். வெயிலானாலும் மழையானாலும் தொப்பியைக் கழற்றாத ஆள், பழைய கார்டுக்காரர், ஒலிபெருக்கி முழுங்கின தொண்டை.

"என்ன சார், இந்த வருஷமும் பையன் வரலையா?"

கட்டிங்காரர் "இல்ல" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"விடாதீங்க சார். இந்த வயசுலயே கூச்சத்தை உடைச்சிடணும். எங்க அக்கா பையன் இப்படித்தான் இருந்தான்…"

அக்கா பையன் கதை ஓடிக்கொண்டிருந்தது. கட்டிங்காரர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். மனைவி சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டிருக்காது என்றே வைத்துக்கொண்டார். வேறு என்ன செய்ய? கார்டைப் பிடித்த விரல் வியர்த்து, ஓரம் பிசுபிசுத்தது. இப்போதே அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. அந்த மூன்று கார்டை நினைத்தார், நின்றுவிட்டார். பின்னால் அவர் தன்னை மன்னிக்கவே முடியாமல் போனது அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்த கடைக்காரர் மனைவியிடம் நின்றார். கார்டு கடையில் தனியாக நிற்கிற ஒரு பெண்மணியைப் பார்த்ததும் உதவி செய்யலாம் என்று நினைத்திருக்கிறார். "யாரு கூட வந்திருக்கீங்கம்மா?"

அவளுக்குப் பொய் வராது. "அவரு கூடத்தான்" என்று கையைக் காட்டினாள்.

"அட, நம்ம சார் வீட்டம்மாவா! முதல்லயே சொல்லக் கூடாதா? நீங்க ஏன் தனியா நிக்கணும், வாங்க, வாங்க." அவளை முன்னால் அழைத்துக்கொண்டு வந்து கட்டிங்காரர் பக்கத்திலேயே நிறுத்தினார். அதோடு விட்டாரா? மேஜைப் பக்கம் பார்த்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "சார், போன வருஷம் படம் வரைஞ்சு கொடுத்தீங்களே, கூச்சப்படுற பையன், அவனோட அப்பா அம்மா ரெண்டு பேருமே வந்திருக்காங்க!"

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது கட்டிங்காரருக்கு. முகத்தில் ஈயாடவில்லை. மனைவி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். புரியாத பார்வை அது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது மெல்ல மெல்லப் புரிந்த பார்வையானது. அதை அவர் கண்ணெதிரே, ஒரு சாண் தூரத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

ஓவியர் அவர்களை உட்காரச் சொன்னார். இரண்டு நாற்காலி. "தம்பி நல்லா இருக்கானாம்மா?" என்றார்.

இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'எங்களுக்குக் குழந்தையே இல்லையே' என்று சொல்லிவிட்டால் தொப்பிக்காரர், கடைக்காரர், படி வரைக்கும் நிற்கிற கூட்டம், எல்லாருக்கும் முன்னால் இவர் மானம் கப்பலேறும். அப்படியே ஆகட்டும் என்றுதான் அவரும் தலையைக் குனிந்துகொண்டார். செய்ததற்கு அது வேண்டியதுதான்.

"நல்லா இருக்கான்" என்றாள்.

கட்டிங்காரர் தலை நிமிரவில்லை.

"போன வருஷம் ஒன்பதுன்னார். இப்போ பத்து இருக்குமே?"

"பத்தெல்லாம் எப்பவோ ஆயிடுச்சு. வர்ற மாசம் பதினொண்ணு முடியுது" என்றாள். பிறகு, "இவருக்கு எந்த வயசு ஞாபகம் இருந்திருக்கு?" என்று சேர்த்தாள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தொப்பிக்காரர் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. ஓவியரும் சிரித்தார். வர்ற மாசம் பதினொண்ணு. ஒரு நிமிஷம் கட்டிங்காரருக்கு அது என்ன கணக்கு என்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இவர் வாய்க்கு வந்த வயசைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். அவளிடம் சரியான வயசு இருந்திருக்கிறது.

ஓவியர் ஆறு கார்டிலும் கையெழுத்துப் போட்டார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துப் போட்டார். கட்டிங்காரர் கையில் இருந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு, அவள் ஒவ்வொரு கார்டாக நீட்டினாள், ஓரத்தில் பிடித்து. "பேர் வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதையும் மறக்காமல் சொன்னாள். தன் மனுஷனுக்காகச் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற அந்தக் குரலைக் கேட்க கட்டிங்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்புறம் ஓவியர் வெள்ளைக் கார்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார்.

"தம்பிக்கு ஒண்ணு. இந்த ஒண்ணுலயாவது பேர் எழுதுறேனே. போன தடவ அப்பா வேண்டாம்னுட்டார். பேர் என்னம்மா?"

அவள் ஒரு பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது அந்த அம்மாவின் சொத்து. கட்டிங்காரர் அதை அதுவரை கேட்டதே இல்லை. அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெயர். அவசரத்துக்குத் தேடிப் பிடித்த பெயராக இருந்தால் ஒரு நொடியாவது தடுமாறியிருப்பாள். தடுமாறவில்லை. சாப்பிட வாடா என்று தினமும் கூப்பிட்டுப் பழகியவள் சொல்வது மாதிரி சொன்னாள்.

"அவனுக்கு என்ன பிடிக்கும்?"

"எதைக் கொடுத்தாலும் கழட்டிப் பாக்கணும் அவனுக்கு. ஒண்ணை முழுசா விட மாட்டான்" என்றாள் அவள், லேசாகச் சிரித்துக்கொண்டு.

ஓவியர் ஒரு குட்டி மிருகத்தை வரைந்தார். அது கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பச் சேர்க்கத் தெரியாமல் ஒரு சக்கரத்தைக் காதில் மாட்டிக்கொண்டிருந்தது. கீழே அந்தப் பெயரை எழுதினார். கை நடுக்கத்தில் எழுத்து கொஞ்சம் அலைந்தது. "மை காயட்டும்மா, உடனே உள்ள வெச்சிடாதீங்க" என்றார். அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "பெரிய உபகாரம் சார்" என்றாள். படியிறங்கும்போது தொப்பிக்காரர், "அடுத்த தடவ பையனைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்கம்மா" என்று கத்தினார். "சரிங்க" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. ஒரு சிமெண்ட் பெஞ்சு. அவள் உட்கார்ந்தாள், அவர் நின்றார். ஆறு கார்டும் அவர் பையில் இருந்தன. வருஷக்கணக்காக ஏங்கியது முழுசாகக் கைக்கு வந்துவிட்டது. அதை எடுத்துப் பார்க்கக்கூட அவருக்குக் கூசியது.

"கடையில அந்தாளு கேட்டான்… பூதம் பொம்மை எனக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஒரு பேச்சுக்குச் சொன்னது…" என்று இழுத்தார்.

"எத்தன வருஷமா?"

"அஞ்சாறு வருஷம்."

"அந்தக் கடையில மட்டுமா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "டீக்கடையில. கண்ணாடிக் கடையில. பஸ்ஸுல ஒருத்தர்கிட்ட" என்றார்.

அவள் கார்டின் மேல் மெல்ல ஊதினாள். கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிராமல் பேசினாள். சத்தம் போடவில்லை.

"வீட்டுல நான் வாயத் தொறந்தா எந்திரிச்சுப் போனீங்க. சரி, இந்த மனுஷனால தாங்க முடியல, பேசினா உடைஞ்சு போயிடுவாருன்னு நானும் வாயக் கட்டிக்கிட்டேன். இத்தன வருஷம். கடையில பையனுங்க பேன்ட்டை மடிச்சுத் தைக்கும்போது மனசுக்குள்ளயே பேசிக்குவேன். நீங்க என்னடான்னா கடத்தெருவெல்லாம் அவனக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுத் திரிஞ்சிருக்கீங்க. என்னை மட்டும் விட்டுட்டு."

ஊரார் முன்னால் மாட்டிக்கொண்டதுதான் பெரிய அவமானம் என்று சற்று முன்பு வரை கட்டிங்காரர் நினைத்திருந்தார். அது ஒன்றுமே இல்லை. அந்நிய மனுஷனிடம் போய்ச் சொன்னதில் கால்வாசியை இவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டாம், அவள் சொல்லும்போது உட்கார்ந்து கேட்டிருக்கலாம். அதுகூடச் செய்யாதவன், ஒரு வெள்ளைக் கார்டுக்காக அந்தப் பிள்ளையை வைத்துப் பிழைத்திருக்கிறான். உடம்பெல்லாம் கூனிக் குறுகிப் போயிற்று.

"கூச்சம்னா சொன்னீங்க?" என்றாள்.

"ம்."

"வேற?"

"இடது கைப் பழக்கம்னு. கணக்குல கெட்டிக்காரன்னு."

"அதெல்லாம் நமக்குத் தெரியாது" என்றாள் அவள். "கால் உங்க கால். சுண்டு விரல் பக்கத்து விரல் மேல ஏறி உக்காந்திருந்துச்சு, உங்களுக்கு இருக்குற மாதிரியே. தலை நெறைய முடி. நர்ஸம்மா துணியில சுத்திக் கொண்டுவந்து எங்கிட்ட காட்டினாங்க. அப்பா பாக்குறாரான்னு உங்ககிட்டயும் ரெண்டு தடவ கேட்டாங்க. நீங்க வராண்டாவுல நின்னுக்கிட்டு, வேண்டாம்னு கையக் காட்டினீங்க. நான் படுத்திருந்த எடத்துலேர்ந்து எனக்குத் தெரிஞ்சுது."

அவள் பார்த்திருந்தாள் என்பது அவருக்கு இத்தனை வருஷமும் தெரியாது.

பஸ் வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார், இவர்கள் அசையாததால் விசில் கொடுத்தார், போய்விட்டது. கட்டிங்காரர் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கத் தனக்கு என்ன யோக்கியதை என்றிருந்தது. இப்போதும் எழுந்து போய்விடலாம், கால் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"மூக்கு?" என்று கேட்டார்.

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். உண்மையாகத்தான் கேட்கிறாரா, பாதியில் எழுந்து போய்விடுவாரா என்று ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கார்டை மடியில் வைத்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தாள்.